சங்கிலிமுத்து செத்த ஷாட்

சபா நாடகத்தில் திருடன், டிவி சீரியலில் சம்பந்தி, சினிமாவில் ஏட்டு. எந்த வேஷத்தில் வந்தாலும் சங்கிலிமுத்துவைப் பார்த்ததும் ஜனங்கள் சிரித்துவிடுவார்கள். ஹீரோ தீரேந்திரனுக்கு அதுதான் எரிச்சல்.

"இன்னைக்கு நீதான் என் அப்பாவோட பிணம்" என்றார் ஹீரோ, நிலைகொள்ளாமல் நடந்தபடி. "நான் அழும்போது ஒருத்தர் சிரிச்சாலும் உன்னைப் படத்தைவிட்டே தூக்கிடுவேன்."

"அப்போ மூஞ்சியை மூடிடலாமா சார்?"

"மூடித் தொலை! வெளிச்சம் போகுது, சீக்கிரம்!"

தலை முதல் கால்வரை வெள்ளைத் துணி போர்த்தினார்கள். கேமரா ஓடியது. தீரேந்திரன் மார்பில் அடித்துக்கொண்டு, "அப்பா!" என்று விழுந்து புரண்டார். முதலில் லைட்மேன் சிரித்தார். மேக்கப்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். டைரக்டரே குலுங்கினார்.

"உள்ளே என்னடா சேட்டை பண்றே?" கத்திக்கொண்டே ஹீரோ துணியை உருவினார்.

உள்ளே வெறும் தலையணைகள்.

டீ கேன் பக்கத்திலிருந்து, பன்னை நனைத்தபடி, சங்கிலிமுத்து குரல் கொடுத்தார்:

"மூஞ்சி தெரியாத பிணத்துக்குத் தலையணையே போதும்னு டைரக்டர் என்னை அனுப்பிட்டார் சார். நான் இங்கேதான் இருக்கேன். எல்லாரும் உங்க பக்கம் பார்த்துத்தான் சிரிச்சாங்க."