கரடி விட்ட இடைவெளி

கோரையேரியின் பறவைகள் ஒரு கரடிக்கு நான்கு அநீதிகளைச் செய்திருந்தன. நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். வரிசை மாறினால் நியாயமும் மாறிவிடும்.

முதலாவது, கரடி ஏரிக்கு வந்த ஆண்டில் நடந்தது. அதன் உருவத்தைக் கண்டால் மீன் கலையும் என்று சொல்லி, அதைத் தாழம்புதருக்குப் பின்னால் உட்கார வைத்தன.

இரண்டாவது, அடுத்த ஆண்டில். மீன்வேட்டை நன்றாக அமைந்தது. தலைவர் சிறகுகளுக்கு நன்றி சொன்னார், அலகுகளுக்கு நன்றி சொன்னார், காற்றுக்கும் நன்றி சொன்னார். தாழம்புதரின் பக்கம் யாரும் திரும்பவில்லை.

மூன்றாவது, அதற்கும் அடுத்த ஆண்டில். பங்குனி முதல் நாள் ஏரியில் பெயர் படிப்பார்கள். பெயர் படிக்கப்பட்டவர்கள் கோடையிலும் ஏரியில் தங்கலாம். மற்றவர்கள், தலைவர் போகச் சொன்னால் போக வேண்டும். தன் பெயர் வரும் என்று கரடி காத்து நின்றது. வரவில்லை. கேட்டபோது, "மற்றும் பலர் என்று படித்தோமே, அதில் நீயும் உண்டு" என்றார்கள்.

நான்காவது, போன ஆண்டில். தண்ணீர் வற்றியது. மற்றும் பலர் வெளியேற வேண்டும் என்று தலைவர் அறிவித்தார். மற்றும் பலரில் இருந்தது கரடி மட்டும்தான். இரண்டு மாதம் மலைச் சுனைகளைத் தேடி நடந்துவிட்டுப் பாதம் வெடித்துத் திரும்பி வந்தது. எங்கே போயிருந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இனி ஐந்தாவதைச் சொல்கிறேன். கதை அதுதான்.

கரடி பேஸ் கிடார் வாசித்தது. காட்டில் கிடார் ஏது என்று சிலர் கேட்பார்கள். நரி மந்திரியாக இருந்ததை நம்பியவர்கள் இதையும் நம்பலாம். அதில் நான்கு தடித்த கம்பிகள் இருந்தன. கரடி பெரும்பாலும் ஒரு கம்பியைத்தான் தொட்டது.

அந்த ஒரு கம்பியில்தான் வேட்டை நடந்தது. காலையில் முப்பது கூழைக்கடாக்கள் பிறை வடிவில் ஏரியில் வரிசை கட்டும். கரடி தொம், தொம் என்று இரண்டு அடி அடிக்கும். இரண்டு அடிக்கும் சிறகுகள் தண்ணீரை அறையும். மீன்கள் கரையோரம் ஒதுங்கும். அப்புறம் கரடி ஓர் அடியை அடிக்காமல் விடும். அந்த இடைவெளியில் ஒரு பறவையும் அசையாது. ஆபத்து நீங்கியது என்று மீன்கள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும். உடனே அடுத்த தொம். முப்பது அலகுகளும் ஒரே நொடியில் உள்ளே போகும்.

ஒரு பறவை முந்தினாலும் போயிற்று. அந்த ஓர் ஓட்டையில் கூட்டம் முழுவதும் தப்பிவிடும்.

மாசி மாதத்தில் மேற்கு மலையிலிருந்து ஒரு குரங்கு வந்தது. தோளில் ஆறு கம்பிக் கிடார். அது பாறைமேல் உட்கார்ந்து மான் கூட்டம் ஓடுவதை வாசித்தது. இலையில் மழை விழுவதை வாசித்தது. ஒரு மூச்சில் எத்தனை ஸ்வரம் என்று எண்ணத் தொடங்கிய மீன்கொத்தி, பாதியில் தலைசுற்றிக் கிளையைப் பிடித்துக்கொண்டது.

கரடியும் கேட்டது. பொய் சொல்லக்கூடாது, குரங்கின் கை நல்ல கை. கரடி வாயைத் திறந்தபடிதான் கேட்டது.

அன்றைக்கே பாராட்டுக் கூட்டம் நடந்தது. தலைவரின் பெயர் நெடும்பையார். அலகின் கீழ் அவருக்கு இருந்த அளவு பெரிய பை வேறு யாருக்கும் இல்லை. அதனாலேயே அவர் தலைவர். குரங்குக்கு அவர் விரலரசு என்று பட்டம் கொடுத்தார். நாளை முதல் வேட்டைக்கு விரலரசுதான் வாசிக்கும் என்று தீர்மானம் போட்டார். எல்லோரும் சிறகைத் தூக்கினார்கள்.

கரடி எழுந்தது. அது ஒன்றே ஒன்றுதான் கேட்டது.

"நான் நிறுத்துகிற இடத்தில் அவர் நிறுத்துவாரா?"

"வாசிக்காமல் இருக்க எதற்கு ஓர் ஆள்? அதை நானே செய்துவிடுவேனே" என்றது ஒரு நாமக்கோழி.

ஏரியே சிரித்தது. கரடி பேஸை எடுத்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனது. அங்கே நிழல் இல்லை. உடைந்த கரையும் நெருஞ்சி முள்ளும்தான் இருந்தன. பங்குனி பிறக்க இன்னும் பதினெட்டு நாள். வேட்டையில் இடம் இருந்தபோதே படிக்காத பெயரை இனி யார் படிக்கப் போகிறார்கள்? கோடை வந்தால் அந்த முள்கரையும் தனக்கு இல்லை என்று கரடிக்குத் தெரிந்தது.

அங்கே அது தனியாக வாசித்துப் பார்த்தது. தொம், தொம். அடியெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அடிக்குச் சிறகு எழவில்லை. பேஸ் என்பது யாரோ நடப்பதற்காகப் போடும் பாதை. ஆள் நடக்காத பாதையைப் போட்டுக்கொண்டே இருப்பது எவ்வளவு நேரம் முடியும்?

பிறகு அது ஒரு காரியம் செய்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். குரங்கைப்போல வாசிக்க முயன்றது. மூன்று நாள் அந்தத் தடித்த கம்பிகளில் மான் ஓட்டத்தைத் தேடியது. அதன் கையில் மான் ஓடவில்லை. எருமை சரிவில் உருண்டது. ஒரு நகம் பிளந்தது. தண்ணீர் குடிக்க வந்த கொக்கு ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்காம் நாள் கரடி பேஸைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டது.

இக்கரையில் என்ன நடந்தது?

முதல் காலை விரலரசு வாசித்தது. ஆற்று வெள்ளம்போல வந்தது இசை. வரிசையின் இடது கோடியில் இருந்த பறவை ஒரு ஸ்வரத்தில் அலகை விட்டது. நடுவில் இருந்தது வேறொரு ஸ்வரத்தில் விட்டது. வலது கோடி, எது தன் ஸ்வரம் என்று தேடிக்கொண்டே இருந்தது. மீன்கள் வந்த வழியே போயின. கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

இரண்டாம் காலையும் அப்படியே. மூன்றாம் காலை கூழைக்கடாக்கள் ஒன்றையொன்று திட்டத் தொடங்கின. நீ முந்தினாய் என்றது ஒன்று. உன் காலில் சேறு என்றது இன்னொன்று. அண்ணன் தம்பிகள் வரிசையில் இடம் மாறி உட்கார்ந்தார்கள். யாரும் இசையைக் குறை சொல்லவில்லை. அவ்வளவு அருமையான வாசிப்பைக் குறை சொன்னால் தமக்கு ரசனை இல்லை என்று ஆகிவிடுமே என்று பயந்தன.

நெடும்பையார் காரணத்தைக் கண்டுபிடித்தார். "மீன்களுக்கு இசைஞானம் போதவில்லை" என்றார். இன்னும் வேகமாக வாசித்தால் மீன்கள் மயங்கிவிடும் என்று யோசனையும் சொன்னார். விரலரசு இன்னும் வேகமாக வாசித்தது. அதன் கண் விரலை விட்டு விலகவில்லை. எல்லோருடைய கண்ணும் அங்கேதான் இருந்தது.

ஏழு காலை கழிந்தது. கூடுகளில் குஞ்சுகள் கத்துவதை நிறுத்தின. கத்துகிற குஞ்சைவிடக் கத்தாத குஞ்சுக்குத்தான் தாய் பயப்படுவாள்.

அல்லி என்ற கூழைக்கடாவுக்கு இரண்டு குஞ்சுகள். எட்டாம் நாள் நண்பகலில் அது தனியாக ஏரியைக் கடந்து எதிர்க்கரைக்கு வந்தது. முள்ளில் நிற்க முடியாமல் தண்ணீரிலேயே நின்றது.

"அண்ணே" என்றது.

நான்கு வருஷத்தில் கரடியை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட வைத்தது பசி. கரடிக்கு அது தெரியும். இருந்தாலும் காது அந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டது.

பெரிய குஞ்சு தலை தூக்கவில்லை என்று அல்லி சொன்னது. தலைவரிடம் பேசி, கரடியைப் பழைய இடத்திலேயே தாழம்புதருக்குப் பின்னால் உட்கார அனுமதி வாங்கித் தருவதாகவும் சொன்னது.

"அங்கே வரமாட்டேன்" என்றது கரடி. "வந்தால் நாளைக்கே நான் மற்றும் பலர். பெயர் படிக்காத கரையில் இனி என் கம்பி பேசாது."

அல்லி தலையைக் குனிந்தது. திரும்பத் தொடங்கியது.

"நில்லு. உன் குஞ்சை வைத்து நான் பேரம் பேசமாட்டேன். காலையில் இங்கிருந்தே வாசிக்கிறேன். கேட்கிறவர்கள் கேட்கட்டும்."

போராட்டம் தெரிந்தவர்கள் இதைத் தவறு என்பார்கள். பிடி கையில் இருந்தபோது விட்டுவிட்டது என்பார்கள். சொல்லட்டும். அவர்கள் யாரும் அந்தத் தாயின் எதிரில் நின்றவர்கள் இல்லை.

மறுநாள் காலை கூழைக்கடாக்கள் வரிசை கட்டின. விரலரசு தொடங்கியது. அப்போது எதிர்க்கரையிலிருந்து தொம் என்று ஓர் அடி வந்தது. கனத்த சத்தம் தண்ணீரில் வெகுதூரம் போகும். அது காதுக்கு வருவதற்கு முன்பே கால்களுக்கு வந்தது. முப்பது ஜோடிக் கால்களும் தம்மை அறியாமல் ஒன்றாக உதைத்தன.

நெடும்பையார் கரையிலிருந்து கத்தினார். வரிசை எதிர்க்கரையை நோக்கித் திரும்பிவிட்டது. தொம், தொம். சிறகுகள் அறைந்தன. பிறகு அந்த இடைவெளி வந்தது.

பாறைமேல் விரலரசு தன் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கியது. பிறந்ததிலிருந்து அது அவ்வளவு நேரம் வாசிக்காமல் இருந்ததில்லை. முதல் முறையாக விரலை விட்டுக் கண்ணைத் தூக்கிப் பார்த்தது. ஏரி முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அடுத்த தொம் விழுந்தபோது விரலரசு அதோடு சேர்த்து ஒரே ஒரு ஸ்வரம் வாசித்தது. முப்பது அலகுகளும் உள்ளே போயின. இதுவரை அதன் இசையைக் கேட்டு வியந்தவர்கள் ஆயிரம் பேர். அதன் ஸ்வரத்தோடு அசைந்தவர்கள் அன்றுதான் கிடைத்தார்கள். அந்த மலையில் இத்தனை காலமும் தானும் தனியாகத்தான் இருந்திருக்கிறோம் என்று குரங்குக்குப் புரிந்தது. அது எதிர்க்கரையைப் பார்த்தது. கரடி குனிந்திருந்தது. பார்க்கவில்லை.

அன்று எல்லாக் கூடுகளிலும் குஞ்சுகள் தின்றன. அல்லியின் பெரிய குஞ்சு மாலைக்குள் கத்தத் தொடங்கிவிட்டது.

அதன்பின் தினமும் அப்படியே நடந்தது. கரடி அக்கரையில், குரங்கு இக்கரையில். வேட்டை முடிந்ததும் பறவைகள் கூட்டுக்குப் போய்விடும். கரடியின் கரையில் முள்ளும் வெயிலும் மட்டும் மிஞ்சும். பசி தீர்ந்ததும் அண்ணே என்ற சொல்லும் நின்றுபோனது.

பங்குனி பிறந்தது. நெடும்பையார் பாறைமேல் ஏறிப் பெயர் படித்தார். தம் பெயரை முதலில் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஏரி ஒரு சிறகடி கொடுத்தது. விரலரசின் பெயரைப் பட்டத்தோடு படித்தார். கடைசியில், "மற்றும் பலர்" என்று முடித்தார். அதைக் கேட்டதும் எல்லோரும் வேட்டைக்குக் கிளம்புவது வழக்கம்.

யாரும் கிளம்பவில்லை. கரடி மறுபடி போனால் குஞ்சுகள் மறுபடி பட்டினி கிடக்கும் என்று வரிசை முழுவதற்கும் தெரிந்திருந்தது.

காது கேட்கவில்லையோ என்று நினைத்து அவர் இன்னொரு முறை சொன்னார். தண்ணீரில் ஓர் அலைகூட எழவில்லை.

"பெயரைப் படியுங்கள்" என்றது அல்லி.

"எந்தப் பெயரை?"

அல்லி வாயைத் திறந்தது. சொல்லத் தெரியவில்லை. பக்கத்துப் பறவையைப் பார்த்தது. அது அடுத்ததைப் பார்த்தது. வரிசை முழுவதும் பார்வை போய்த் திரும்பியது. ஒருவருக்கும் தெரியவில்லை. ஏய் கரடி என்று நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன.

"பத்து நாளாக அதோடு சேர்ந்து வாசிக்கிறேன்" என்றது குரங்கு. "நானும் கேட்கவில்லை."

அல்லி ஏரியைக் கடந்து போனது. கரடியிடம் அதன் பெயரைக் கேட்டது. வாய்க்குப் பழக்கம் விட்டுப்போன சொல் அது.

"கொம்புத்தேன்" என்றது கரடி. "என் அம்மா வைத்தது. அவளுக்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. படித்தால் சிரிப்பார்கள்."

"சிரிக்கட்டும். நீ அந்தக் கரைக்கு வருகிறாயா?"

"இல்லை. இங்கேயே இருக்கிறேன். என் பெயர் அங்கே படிக்கப்பட்டால் போதும், அதை வேலை கேட்டு வந்தவனாக நின்று கேட்கமாட்டேன்."

அல்லி திரும்பி வந்தது. நெடும்பையாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. படிக்க முடியாது என்று சைகை காட்டினார். அல்லியே பாறைமேல் ஏறியது. கூழைக்கடாக்கள் இருந்தன, கொக்குகள் இருந்தன, வாத்துகள் இருந்தன, குரங்கு இருந்தது. நாமக்கோழி ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டது. அத்தனை சாட்சிகளின் முன்னால், எதிர்க்கரைக்கும் கேட்கும்படி, அல்லி நிறுத்தி நிதானமாகப் படித்தது:

"கொம்புத்தேன். கோரையேரியின் குடி."

விரலின் வேகத்தை வியக்கலாம், தவறில்லை. ஆனால் தன்னை ஒன்றாக நடத்துகிற தாளத்தின் பெயரைக் கேட்டுவைக்காத கூட்டம், கைதட்டிக்கொண்டே பட்டினி கிடக்கும்.