எட்டு ட்ராக்கில் ஒரு பாட்டு

தோபியாஸ் அண்ணாச்சிக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ரெக்கார்டரை நடுரோட்டில் போட்டு உடைத்திருப்பார். டீச்சர் வீட்டுப் பொருளாய்ப் போனதால் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்தார்.

டீச்சர் டெல்பினுக்கு அவர் மகள் வயசுதான் இருக்கும். வீட்டிலேயே பாட்டுப் பதியக் கற்றுக்கொடுக்கிறவள். யார் வந்தாலும் முதல் பாட்டு அந்தப் பழைய எட்டு ட்ராக் பெட்டியில்தான். எட்டு ஒலியைத் தனித்தனியாகப் பதிந்து சேர்த்துக் கேட்கலாம்; ஒன்பதாவதற்கு இடம் கிடையாது. கம்ப்யூட்டரெல்லாம் அப்புறம்.

"இந்தாங்க, உங்க டப்பா!" மேசைமேல் டொம்மென்று வைத்தார். "இது என் குடும்பத்தையே பிரிச்சிரும் போலிருக்கு."

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"மக கல்யாணத்துக்குன்னு என் வீட்டுக்காரி பிலோமி ஒரு பாட்டு கட்டினா. அவ பாட்டு, என் கிட்டார். பதிஞ்சு கேட்டா அவ குரலையே காணோம். 'இனிமே உங்ககூட வாயே திறக்கமாட்டேன்'னு எந்திரிச்சுப் போயிட்டா. ஞாயித்துக்கிழமை கல்யாணம்!"

"அவங்க குரலைக் கொஞ்சம் கூட்டிவைக்கிறது?"

"எப்படிக் கூட்ட? கூடவே கிட்டாரும்ல கூடுது! ரெண்டையும் ஒரே ட்ராக்கில கலந்துட்டேன். தனித்தனியா இருந்ததை அழிச்சாத்தானே இடம் வரும்? எட்டை வச்சுக்கிட்டு மனுசன் என்னதான் செய்வான்?"

"மீதி ஏழுல என்ன இருக்கு?"

"கோரஸ்."

"யார் யார் பாடினது?"

"நான்தான்."

"ஏழுலயுமா?"

"கோரஸ்னா கும்முனு இருக்க வேண்டாமா?" என்று கத்தினார்.

டெல்பின் பல்லைக் கடித்தாள். மைக்கை மாட்டினாள். ஏழில் ஒரு ட்ராக்கைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானைத் தட்டினாள். சின்னத் திரையில் எழுத்து மின்னியது: அழிக்கவா?

பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். "ஆமான்னு அழுத்துங்க. காலியானதும் பிலோமி அக்காவை அதுல பாட நான் போய்க் கூட்டிட்டு வாரேன்."

அண்ணாச்சியின் விரல் பொத்தான் வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. பிறகு மெல்லத் திரும்பி வந்துவிட்டது.

"டீச்சர், இதுலதான் மேல்சுருதி அப்படி அமைஞ்சிருக்கு. இன்னொரு தடவை வராது. வேற ஏதாவது வழி..."

"அக்கா குரலை அழிக்கும்போதும் பெட்டி இப்படித்தானே கேட்டிருக்கும்?"

"கேட்டுச்சு."

"அப்போ எவ்வளவு நேரம் யோசிச்சீங்க, அண்ணாச்சி?"