நான்கா, மூன்று புள்ளி ஒன்பதா?

பொறுமையாகக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

'பாய்மரம்' என்றொரு கணினி விளையாட்டு. வணிகக் கப்பலைத் துறைமுகம் துறைமுகமாக ஓட்டிச் செல்லவேண்டும். அதை உருவாக்கியவர் வேறு வேலைக்குப் போனபோது நிரல் முழுவதையும், யாரும் எடுத்துத் திருத்தும்படி பொதுவில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து மூன்று பேர் சம்பளமில்லாமல் அதைப் பராமரித்தார்கள். காயல்பட்டினத்துக் கணக்கு ஆசிரியை ஹாஜிரா நிரல் எழுதுவார். யாழ்ப்பாணத்துத் துஷ்யந்தன் புதிய பதிப்புகளை வெளியிடுவார். சேலத்து வளர்மதி, ஆடுபவர்களின் கடிதங்களுக்குப் பதில் சொல்வார்.

பதிப்பு எண்ணுக்கு ஒரு விதி உண்டு. அதை இணையதளத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். முன் எண், அதாவது புள்ளிக்கு முன்னால் வரும் எண், மாறினால், பாதியில் சேமித்துவைத்த பழைய ஆட்டங்கள் புதிய பதிப்பில் திறக்காது. பின் எண் மட்டும் மாறினால் பயமில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

3.8 என்ற பதிப்பு நடப்பில் இருந்தபோது ஹாஜிரா ஒரு பெரிய வேலையை எடுத்துக்கொண்டார். பார்வையில்லாதவர்களும் தனியே ஆடும்படி, காற்று, கரை, பாறை எல்லாவற்றையும் ஒலியால் உணர்த்துவது. பாறை எந்தப் பக்கம் என்பது மட்டும் காதுக்குப் பிடிபடவே இல்லை. நான்காம் மாதம் மனம் விட்டுப்போனது.

"என்னால முடியல தம்பி, விட்டுர்றேன்" என்றார்.

"விடாதேங்கோ அக்கா" என்றார் துஷ்யந்தன். "நீங்கள் முடிக்கிற அண்டைக்கு அதை 4.0 எண்டுதான் வெளியிடுவம். இது என்ர வாக்கு."

அந்த வார்த்தை ஹாஜிராவை மறுபடி உட்காரவைத்தது. மேலும் ஐந்து மாதம் உழைத்து முடித்துவிட்டார். ஆனால் பழைய ஆட்டங்கள் எல்லாம் அதில் குறையில்லாமல் திறந்தன. விதிப்படி பார்த்தால் முன் எண்ணை மாற்றக் காரணமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் காணொளியில் கூடினார்கள். வளர்மதி ஒரு கடிதத்தை வாசித்தார். எழுதியவர் திண்டுக்கல் பொன்னுச்சாமி, பார்வையில்லாத இசை ஆசிரியர். 'மகள் திசை சொல்ல, நான் ஓட்டுகிறேன். 3.0 வந்தபோது விவரம் தெரியாமல் இறக்கி, எங்கள் பயணம் முழுவதும் போய்விட்டது. திரும்பத் தொடங்கி நான்கு வருடம் ஆகிறது. இனி முன் எண் மாறினால் இறக்கமாட்டோம்.'

"இப்படி எத்தனையோ பேர் இருக்காங்கண்ணா. 4.0-ன்னு போட்டா, யாருக்காக அக்கா செஞ்சாங்களோ அவங்களே தொடமாட்டாங்க. 3.9-ன்னு போடுங்க" என்றார் துஷ்யந்தனிடம்.

"பழைய ஆட்டம் திறக்கும் எண்டு கீழ ஒரு அறிவிப்புப் போடலாம்தானே?"

"எண்ணைப் பாத்ததுமே போயிடுவாங்க. அதோட, ஒரு தடவை விதியை மீறிட்டா அடுத்த தடவை நம்ம எண்ணை யாரு நம்புவாங்க?"

துஷ்யந்தன் சொன்னார்: "நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனா நான் அக்காவுக்குச் சொல்லிப்போட்டன். அதை நம்பித்தான் அவ ஐஞ்சு மாசம் இருந்து செய்தவ. நானா அதை மாத்தமாட்டன்."

4.0 என்ற எண்மேல் ஹாஜிராவுக்கு ஆசை இல்லாமல் இல்லை.

வாக்கைக் காக்கவேண்டும் என்கிறார் துஷ்யந்தன். விதியைக் காக்கவேண்டும் என்கிறார் வளர்மதி. இருவரில் யார் சொல்வது சரி? எந்த எண்ணை இடவேண்டும், அதைச் சொல்லும் உரிமை யாருக்கு?

விடை: இருவருமே சரி. விதியும் ஒரு வாக்குத்தான். ஆடுகிற எல்லோருக்கும் கொடுத்தது. அத்தனை பேரிடமும் போய் அதைத் திரும்பக் கேட்க முடியாது. துஷ்யந்தன் கொடுத்ததோ ஒரே ஒருவருக்கு. பெற்றவர் நினைத்தால் விட்டுக்கொடுக்கலாம், கொடுத்தவர் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே எண் 3.9. அதைச் சொல்லவேண்டியவர் ஹாஜிரா. "நீங்க குடுத்த வாக்கை நானே விட்டுக்கொடுத்துட்டேன் தம்பி, 3.9-ன்னே போடுங்க" என்று அவரே சொன்னார். அதில் தனக்கு வருத்தம் இருந்ததை அவர் மறைக்கவில்லை. பதிப்பு வெளியான மாதத்தில், தனியாக ஆடிப் பார்த்த பார்வையில்லாதவர்களிடமிருந்து அறுபது கடிதங்கள் வந்தன. அவர்களில் மதுரையில் நிரல் படிக்கும் ஜெயசுதா, அலையோசையில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, தானே திருத்தியும் அனுப்பியிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் காணொளியில் அவளும் இருந்தாள்.