அறுபது பேனலும் ஒரு வரியும்

கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் செண்பகவல்லி தற்காலிக உதவியாளர். ஒருநாள் முதல்வர் தாண்டவமூர்த்தி வந்து குதித்தார்.

"பதினோரு மணிக்கு ஆய்வுக்குழு வருது. அறுபது லினக்ஸ் மெஷின்லயும் ஸ்கிரீனுக்கு அடியில ஐகான் வரிசையா கிடக்கிற பட்டை, அந்த பேனல், மேல ஏறியிருக்கணும். இல்லேன்னா நாளையிலிருந்து வராதே!"

மணி பத்தே முக்கால். செண்பகவல்லி உட்கார்ந்த இடத்திலேயே, எல்லா மெஷினுக்கும் ஒரே நேரத்தில் கட்டளையிடும் ஒரு வரி ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினாள். அறுபது பேனலும் மேலே ஏறின.

"யார் மாத்தினது?" என்று அசந்துபோனார் ஆய்வுக்கு வந்த குழுத் தலைவி.

"நான்தான். ஒவ்வொண்ணா உட்கார்ந்து மாத்தினேன்" என்று மீசையை நீவினார் முதல்வர்.

"ஐயாவோட லேப்டாப் மட்டும் பாக்கி. அதையும் மாத்திக் காட்டுங்கய்யா!" என்றாள் செண்பகவல்லி.

முதல்வர் மவுஸை இழுத்த இழுப்பில் பேனலே காணாமல் போனது. "ஏம்மா, எங்கே போச்சு?"

பேரம் பேச இதைவிட நல்ல நேரம் வருமா?

"நான் ஒரு வரி எழுதினா வந்துடும்யா. நீங்களும் ஒரு வரி எழுதுங்க, என் வேலை நிரந்தரம்னு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு முதல்வரிடம் பேனாவை நீட்டினார் குழுத் தலைவி.