சின்னக்கொம்பன் தின்ற மூன்று வரிகள்

பவழக்கோட்டையில் ஒரு சட்டம் இருந்தது. யார் புது நூல் எழுதினாலும், அரங்கேற்றத்துக்கு முன் ஆஸ்தானப் புலவர் அகோரமூர்த்தியிடம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். வேறு நூலிலிருந்து திருடியது என்று தெரிந்தால் எழுதியவரை நாடு கடத்திவிடுவார்கள். நல்ல சட்டம்தான். சோதிப்பவரை யார் சோதிப்பது என்பதை மட்டும் அதில் எழுத மறந்துவிட்டார்கள்.

யானை வைத்தியம் பார்க்கும் செங்கமலம், ஏழு வருஷம் கொட்டிலிலேயே கிடந்து, யானை நோய்களைப் பற்றி முந்நூறு ஏடுகளில் ஒரு நூல் எழுதினாள். புலவர் வீட்டுக்குச் சோதனைக்குப் போன அந்த நூல் ஆறு மாதம் அங்கேயே இருந்தது. ஏழாம் மாதம் புலவர் இரண்டு சுவடிக் கட்டுகளோடு சபைக்கு வந்தார்.

"அரசே, அநியாயம்! பத்து ஆண்டுகளுக்கு முன் நான் எழுதி வைத்த நூலை இந்தப் பெண் அப்படியே திருடியிருக்கிறாள். ஒப்பிட்டுப் பாருங்கள்."

ஒப்பிட்டார்கள். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"மகாராஜா, அவரோட ஏட்டை நான் கண்ணால பார்த்ததில்லே! என்னைத் துரத்திட்டா சீக்கு ஆனைங்களை யாரு பார்ப்பா?" என்று செங்கமலம் அழுதாள். பாவம், அப்போதும் அவளுக்கு யானைக் கவலைதான்.

அரசர் வீரகேது தர்மசங்கடத்தோடு பூவராகனைப் பார்த்தார். சபையில் வேடிக்கையாகப் பேசுவதுதான் பூவராகனுக்கு வேலை. அவன் எழுந்து புலவரின் சுவடியை வாங்கி மெதுவாகப் புரட்டினான்.

"புலவரே, இது உங்கள் சொந்தச் சரக்குதானே?"

"சந்தேகமென்ன? ஒவ்வொரு வரியும் நானே எழுதியது!"

"இதற்காக யானைக் கொட்டிலுக்குப் போனீர்களா?"

"சீச்சீ, அந்த நாற்றத்துக்கா? எல்லாம் என் மாடியில் உட்கார்ந்து, ஞானத்தால் எழுதியது."

"பலே! இந்த ஏட்டைச் சபைக்குக் கொஞ்சம் வாசியுங்கள்."

புலவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கம்பீரமாக வாசித்தார்.

"வயிற்று உப்புசத்துக்கு ஓமமும் சுக்கும் இடித்து... இதன் கீழ் மூன்று வரிகளைச் சின்னக்கொம்பன் தின்றுவிட்டான். நாளை திரும்ப எழுத வேண்டும்..."

சபை கொல்லென்று சிரித்தது. செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடடா! நம்ம கொட்டில் குட்டி ஆனை அந்த ஓலையோட கீழ் ஓரத்தைக் கடிச்சுட்டான் மகாராஜா. திரும்ப எழுத மறந்தே போயிட்டேன்!"

"புலவரே, சின்னக்கொம்பன் பிறந்தே நாலு வருஷம்தான் ஆகிறது," என்றான் பூவராகன். "பத்து வருஷத்துக்கு முன்னால் உங்கள் மாடிப்படி ஏறி வந்து ஓலையை எப்படித் தின்றான்?"

"படியெடுத்தவன்... கவனிக்காமல்..." என்று புலவர் உளறினார். அதற்குமேல் விசாரிக்க என்ன இருக்கிறது? அவர் காவல் காத்த சட்டமே அன்று மாலை அவரை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டது. செங்கமலத்தின் நூல் அரங்கேறியது. பூவராகனுக்கு முத்துமாலை கிடைத்தது.

"எல்லாம் சரி," என்றார் அரசர். "இனிமேல் நூல்களைச் சோதிக்க யாரை வைப்பது?"

"சின்னக்கொம்பனையே வைக்கலாம், அரசே. அவன் மென்றுவிட்டாவது விழுங்குகிறான்."