சுண்ணாம்பு ஒட்டிய வால்

காட்டுக்கெல்லாம் போக வேண்டாம், குழந்தைகளே. ஒரு வீட்டின் பின்பக்கத் தோட்டமே போதும். அங்கே வயதான மாமரம் ஒன்று நின்றது. அதற்கு இரண்டு பெரிய கிளைகள்: கிணற்றுப் பக்கம் ஒன்று, மதில் பக்கம் ஒன்று. ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு ஒரே தாவல்.

கிணற்றுக் கிளையின் நுனியில் ஓர் அணில், கண் திறக்காத மூன்று குட்டிகளோடு கூடு கட்டியிருந்தது. இலை விழுந்தாலே நடுங்குகிற அணில்.

ஒரு காலை மரம் வெட்டும் பரமசிவம் வந்தார். அரிவாளின் பின்பக்கத்தால் கிணற்றுக் கிளையைத் தட்டிப் பார்த்தார். அதன் அடியில் ஈரச் சுண்ணாம்பால் ஒரு வளையம் போட்டார்.

"மரத்தை மொட்டை அடிச்சிடாதீங்க" என்றாள் வீட்டுக்காரம்மா.

"ஐயோ, இல்லம்மா. சுண்ணாம்பு போட்ட இது ஒண்ணுதான். மத்தியானம் ஆளுங்க வந்து எடுத்துடுவாங்க."

அணில் அதே மரத்தில் இருந்த மரங்கொத்தியிடம் ஓடியது.

"கொத்தியக்கா! என் வீட்டை வெட்டப் போகிறார்கள்!"

மரங்கொத்திக்குப் பூசி மெழுகத் தெரியாது. "வெட்டட்டும். நானும் தட்டிப் பார்த்தேன், உள்ளே வெறும் தூள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மதில் கிளைக்குப் போ."

"வழியில் காக்கை பார்த்துவிட்டால்?"

"காக்கைக்குப் பயம், கத்திக்குப் பயம்! காலடியில் இருக்கிற கிளைக்கு மட்டும் பயப்படாதே!"

அணில் கேட்டால்தானே? மரங்கொத்தி பறந்ததும் வளையத்தின் மேல் வாலைத் தேய் தேய் என்று தேய்த்து அழித்தது. அதே வாலால் மதில் கிளையின் அடியில் ஒரு வளையம் இழுத்தது.

மத்தியானம் ஆட்கள் வந்தார்கள். வளையம் இருந்த கிளையை அறுத்தார்கள். நிமிர்ந்து இலையைப் பார்த்தால் கழுத்து சுளுக்கிவிடுமா என்ன! பச்சைக் கிளை, காயும் பிஞ்சுமாகத் தரையில் விழுந்தது. வெட்டிய இடத்தில் சாணியை அப்பிவிட்டுப் போய்விட்டார்கள்.

"என்ன அணிலம்மா, வாலுக்குப் பவுடரா?" என்று கேட்டது காக்கை.

அணில் வாலைச் சுருட்டி ஒளித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் காற்று கிளம்பியது. மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.

முறுக்!

அணில் கிளையின் அடிக்கு ஓடியது. கிளை நடுமரத்தைவிட்டுப் பிளந்துகொண்டிருந்தது. பிளவிலிருந்து தூள் கொட்டியது. அந்தப் பக்கம் இனி வழியில்லை.

முறுக்! முறுக்!

கூட்டுக்குத் திரும்பி ஓடி ஒரு குட்டியைக் கவ்வியது. மற்ற இரண்டும் கீச்சுக் கீச்சென்று கத்தின. "இதோ, இதோ வந்துவிடுகிறேன்" என்று மனதுக்குள் சொல்லியபடி நுனிக்கு வந்தது. மதில் கிளைக்குத் தாவக் காலை மடக்கியது.

எதிரே கிளை இல்லை. தூரத்தில், நடுமரத்தில், சாணி அப்பிய வட்டம் ஒன்று மட்டும் தெரிந்தது.

கிளை ஒடிந்தது.

செம்பருத்திப் புதருக்குள் அணில் கண் திறந்தபோது, வாயில் ஒரு குட்டி இருந்தது. ஒன்றே ஒன்று.

மரங்கொத்தி இறங்கி வந்தது. அணிலின் வெள்ளை வாலைப் பார்த்தது.

நீதி: பயம் வந்தால் முதலில் நிற்கிற இடத்தைத் தட்டிப் பார், தப்பிக்கிற வழியை வெட்டிவிடாதே.