ஒற்றைப் பனையில் கட்டிய வீடுகள்

ஒரு காட்டில் மரங்கொத்திகளின் வாலிபர் சங்கம் ஒன்று இருந்தது. ஞாயிறுதோறும் அவை பெரிய வேங்கை மரத்தில் சபையாகக் கூடும். பாட்டுப் பாடும். யாருக்காவது உதவ வேண்டும் என்று தீர்மானம் போடும். தீர்மானத்தோடு கலைந்துபோகும்.

அந்த ஐப்பசியில் கடலோரத்தைப் புயல் அடித்தது. அங்கே ஒரு பனந்தோப்பில் தூக்கணாங்குருவிகள் குடியிருந்தன. தோப்பில் ஒரே ஒரு பனைதான் தப்பி நின்றது. கூடு ஒன்றுகூடத் தப்பவில்லை. கடல்நீர் ஏறியதால் சுற்றிலும் இருந்த புல்லெல்லாம் கருகிப்போனது.

செய்தி கேட்டதும் வாலிபர் சங்கம் புறப்பட்டது. செங்கொண்டை என்ற மரங்கொத்திதான் தலைவர். மரங்கொத்திகள் வழிநெடுகப் பாடிக்கொண்டே வந்து, ஒற்றைப் பனையைச் சுற்றி ஒரு வட்டமடித்து இறங்கின.

"அக்கா, அழாதீர்கள்! உங்களுக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுக்கப் போகிறோம்" என்றது செங்கொண்டை.

"நான் அழவில்லையே, தம்பி" என்றது நாராயி என்ற பெண்குருவி. மற்றப் பெண்குருவிகளைப் போலவே அதுவும் சூலாக இருந்தது. இன்றோ நாளையோ முட்டையிட வேண்டிய நேரம். "நல்ல வேளை வந்தீர்கள். எங்களுக்கு வேண்டியது புல். மலையடி ஓடையில் பச்சைப் புல் இருக்கிறதாம். எங்கள் ஆண்கள் சிறகு நைந்து கிடக்கிறார்கள். உட்கார்ந்து பின்னுவார்கள், அவ்வளவு தூரம் பறக்கமாட்டார்கள். ஆளுக்கு நாலு கீற்று கொண்டுவந்து போட்டால் போதும்."

மரங்கொத்திகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"புல் சுமக்கவா இத்தனை தூரம் வந்தோம்?" என்றது ஒன்று.

"ஊருக்குப் போய் என்னவென்று சொல்வது? புல் தூக்கினோம் என்றா?" என்றது இன்னொன்று.

"அக்கா, புல்வீடு கட்டித்தானே காற்றில் போனது? நாங்கள் கட்டுவது அசையாத வீடு" என்றது செங்கொண்டை. சொல்லி முடிக்கும் முன்பே பனையில் தொற்றிக்கொண்டு கொத்தத் தொடங்கிவிட்டது. டொக், டொக், டொக்!

"ஐயோ, நிற்கிறது அந்த ஒரு மரம்தான்! அதையும் ஓட்டை போடாதே!" என்று நாராயி கத்தியது.

"நீங்கள் ஓய்வெடுங்கள் அக்கா. இது எங்கள் ஊழியம்."

அடியிலிருந்து உச்சி வரைக்கும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துப் பொந்துகள் ஆயின. மரத்தடியில் சுருண்டு கிடந்த சாரைப்பாம்பு தலையைத் தூக்கிப் பார்த்தது.

"அடடா! வீடென்றால் இது வீடு!" என்றது சாரை. "ஓலை நுனியில் ஊஞ்சல் மாதிரி தொங்குவதெல்லாம் ஒரு வாழ்க்கையா? இங்கே பாருங்கள், வாசல் நேராக இருக்கிறது. விருந்தாளி சிரமமில்லாமல் வந்து போகலாம்."

"கேட்டீர்களா? உள்ளூர்க்காரரே சொல்கிறார்!" என்று செங்கொண்டை பூரித்துப்போனது.

மறுநாள் மாலை திறப்பு விழா. மரங்கொத்திகள் இரண்டு பாட்டுப் பாடின. "வாருங்கள் அக்கா, முதல் வீடு உங்களுக்கு" என்றது செங்கொண்டை.

"எங்களில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டைப் பெண் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் குடிபோவோம். கட்டிய புருஷனே ஆனாலும், பிடிக்காவிட்டால் பிரித்துப் போட வேண்டியதுதான்" என்ற நாராயி, பொந்துக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உடனே வெளியே வந்தது. "இது வேண்டாம்."

"இருக்க இடமில்லை. இதில் வீம்பு வேறா!" என்று ஒரு மரங்கொத்தி முணுமுணுத்தது.

"நன்றிகெட்ட ஜன்மங்கள்" என்றது மற்றொன்று.

நாராயிக்குச் சிறகு சிலிர்த்தது. "எனக்கு வீடுதான் போனது. புத்தி போகவில்லை. பாம்புக்கு எட்டாமல் இருக்கத்தான் ஓலை நுனியில் தொங்குகிறோம். நீங்கள் அதற்குப் படிக்கட்டு வைத்து, ஒவ்வொரு படியிலும் ஒரு முட்டை வைக்கச் சொல்கிறீர்கள். அவ்வளவு நல்ல வீடென்றால், தலைவரே, பொழுது அடையும்வரை நீங்கள் உள்ளே இருந்து காட்டுங்கள்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செங்கொண்டை மார்பை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனது.

சாரைக்கு யார் உள்ளே இருந்தாலும் ஒன்றுதான். ஒரு பொந்தில் உடலை வளைத்து, அடுத்த பொந்தில் ஊன்றி, சுகமாக மேலே ஏறியது. வாசலில் அதன் தலை தெரிந்ததும் செங்கொண்டை அலறிய அலறலில் வாலிபர் சங்கம் மொத்தமும் பறந்து தோப்புக்கு வெளியே போய்விட்டது.

போகாமல் நின்றவை குருவிகள்தாம். நாராயியும் மற்றப் பெண்குருவிகளும் பாய்ந்து பாம்பின் கண்ணைக் கொத்தின. அது தலையைத் திருப்பிய நொடியில் செங்கொண்டை வெளியே தாவியது. வால் மட்டும் சாரையின் வாயில் தங்கிவிட்டது.

மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்த நாராயி கேட்டது: "தம்பி, இப்போதாவது அந்தப் புல்லைக் கொண்டுவருவாயா?"

"என் வாலைப் பாருங்கள் அக்கா! இந்த நிலைமையில் புல்லைப் பற்றிப் பேசுகிறீர்களே!" என்றது செங்கொண்டை. சங்கம் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பியது.

புல் வரவில்லை. நாராயியின் முட்டை வெறும் மணலில் விழுந்து உடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபையில் செங்கொண்டை சாட்சி சொன்னது. "பத்து வீடு கட்டினோம். ஊழியத்தில் என் வாலையே கொடுத்தேன். இன்று அந்த வீடுகளில் ஒன்றுகூடக் காலியாக இல்லை!"

வேங்கை மரமே அதிரும்படி எல்லோரும் ஆர்ப்பரித்தார்கள்.

அது சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சாரை தன் சுற்றத்தையெல்லாம் அழைத்துக் குடிவைத்திருந்தது.

நீதி: துன்பப்பட்டவர் கேட்பதைச் செய்வதே உதவி, நமக்குப் பிடித்ததைச் செய்துவிட்டு அவரிடம் நன்றி கேட்பது இன்னொரு புயல்.